மருத்துவமனையின் மாடியில் குடியிருந்த மாணவர்கள்

1962ஆம் ஆண்டு, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர எட் ராபர்ட்ஸ் என்ற இளைஞர் வந்தார். மதிப்பெண்ணில் குறையில்லை. இடமும் கிடைத்துவிட்டது. தங்குவதற்குத்தான் அறை இல்லை. 14 வயதில் போலியோ தாக்கியதில் கழுத்துக்குக் கீழே இரண்டு கைவிரல்களும் சில கால்விரல்களும் தவிர வேறெதுவும் அவருக்கு அசையாது. பகலில் காற்றை வாயால் மிடறு மிடறாக விழுங்கிச் சமாளிப்பார். இரவில் இரும்பு நுரையீரலுக்குள் படுத்தாக வேண்டும். ஆள் நீளத்துக்கு ஓர் உலோக உருளை அது. தலை மட்டும் வெளியே நீட்டியிருக்கும். உள்ளே காற்றழுத்தம் கூடவும் குறையவும் மார்பு ஏறி இறங்கும். அதன் எடை 800 பவுண்டு, ஏறத்தாழ 360 கிலோ. எந்த மாணவர் விடுதியிலும் அதை வைக்க வழியில்லை.

மாணவர் மருத்துவச் சேவைக்குத் தலைவராக இருந்த டாக்டர் ஹென்றி புரூயின் ஒரு வழி சொன்னார். வளாகத்திலேயே மாணவர்களுக்கென்று கவெல் மருத்துவமனை இருந்தது. அதில் ஓர் அறையை ராபர்ட்ஸ் எடுத்துக்கொள்ளட்டும், நோயாளியாக அல்ல, விடுதி மாணவராக. 1950களின் போலியோ அலையில் சிக்கிய பிள்ளைகள் கல்லூரி வயதை எட்டும் காலம் அது. இவரைப் போல இன்னும் பலர் வருவார்கள் என்பதை அவர் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்.

அமெரிக்கக் கல்லூரிகளின் மருத்துவச் சேவை வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் நான் அந்த அறைக்குத்தான் திரும்பி வருகிறேன். அந்தச் சேவை தொடங்கிய நாளிலிருந்து ஒரு கேள்வி அதைத் துரத்திவந்திருக்கிறது: 'மாணவர்' என்று சொல்லும்போது யாரை மனத்தில் வைத்துக்கொண்டு சொல்கிறோம்? அதற்குத் தயாராக வைத்திருந்த பதில் ஒவ்வொரு முறையும் உடைந்தது. உடைத்தவர்கள், அந்த மனச்சித்திரத்துக்குள் அடங்காமல் வாசலில் வந்து நின்ற மாணவர்கள்.

அந்த மனச்சித்திரம் எங்கே உருவானது என்று பார்த்தால் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்குப் போக வேண்டும். மாணவர்கள் படிப்பை முடிக்குமுன்பே உடல் நலிந்து வீடு திரும்புவதையும் சிலர் இறந்துபோவதையும் கண்டு கலங்கிய அதன் தலைவர் வில்லியம் ஸ்டேர்ன்ஸ், உடல்நலத்துக்கென்றே ஒரு பேராசிரியர் வேண்டும் என்று வாதாடினார். 1861இல் அந்தப் பொறுப்பை ஏற்ற டாக்டர் எட்வர்டு ஹிட்ச்காக் 1911இல் இறக்கும்வரை அதிலேயே இருந்தார். மாணவர்களுக்கு உடற்பயிற்சி கட்டாயமானது. நோய் வந்தால் பார்ப்பார். அதோடு ஒவ்வொரு மாணவரின் உயரம், எடை, மார்புச் சுற்றளவு என்று ஆண்டுதோறும் அளந்து எழுதிக்கொண்டே வந்தார்.

ஹார்வர்டில் டட்லி சார்ஜென்ட் அந்த அளவெடுப்பை இன்னும் தூரம் கொண்டுபோனார். ஆயிரக்கணக்கான மாணவர்களை அளந்து, சராசரி கண்டு, அந்தச் சராசரிக்கு உருவமும் கொடுத்தார். ஓர் ஆண் சிலை, ஒரு பெண் சிலை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் 'அமெரிக்க மாணவர் இப்படித்தான் இருப்பார்' என்று அவை பார்வைக்கு நின்றன. அளக்கப்பட்டவர்கள் யார்? அன்றைய பெரிய கல்லூரிகளுக்குள் நுழைய முடிந்த வெள்ளையர் வீட்டுப் பிள்ளைகள். ஹிட்ச்காக்கும் சார்ஜென்டும் கெட்ட எண்ணத்தில் செய்தார்கள் என்று நான் சொல்லமாட்டேன். மாணவர் நலத்தைக் கல்லூரியின் கடமையாக்கிய முன்னோடிகள் அவர்கள். ஆனால் தங்கள் முன்னால் வந்து நின்றவர்களை மட்டும் அளந்துவிட்டு, அந்த அளவை எல்லோருக்குமான அளவு என்று வைத்துவிட்டார்கள்.

அந்த அளவுக்குள் முதலில் அடங்காதவர்கள் பெண்கள். 1873இல், ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியோடு தொடர்புடைய டாக்டர் எட்வர்டு கிளார்க் ஒரு நூல் எழுதினார். பருவம் எய்தும் வயதில் பெண்கள் ஆண்களைப் போலப் படித்தால் மூளைக்கு இரத்தம் போய்க் கருப்பை நலிந்துவிடும் என்பது அதன் சாரம். மருத்துவரே சொல்கிறார் என்பதால் பெற்றோர் பயந்தார்கள். 1865இல் தொடங்கிய வாசர் மகளிர் கல்லூரியில் முதல் நாளிலிருந்தே ஆலிடா ஏவரி என்ற பெண் மருத்துவர் வளாகத்தில் தங்கிப் பணியாற்றிவந்தார். மாணவியரை அன்றாடம் பார்த்துவந்த அனுபவத்தை வைத்து அவர் கிளார்க்குக்கு மறுப்பு எழுதினார். பட்டம் பெற்ற பெண்களோ கணக்கெடுத்தே பதில் சொல்வது என்று முடிவு செய்தார்கள். 1882இல் பாஸ்டனில் உருவான பட்டதாரிப் பெண்களின் சங்கம் 1,290 பேருக்கு வினாத்தாள் அனுப்பியது. 705 பேர் பதில் எழுதினார்கள். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம் 1885இல் அதை அறிக்கையாக வெளியிட்டது. படித்ததால் பெண்களின் உடல்நலம் கெடவில்லை என்பது அதில் தெரிந்தது. ஒரு மருத்துவரின் ஊகத்துக்கு எதிராகப் பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தாங்களே திரட்டிய சான்று அது. கல்லூரி மாணவியரின் உடல்நலத்தைப் பற்றிப் பேசும் எவரும் அந்த 705 பேரிலிருந்து தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பெர்க்லியிலும் இதே கதைதான், வேறு வடிவில். மருத்துவப் பரிசோதனை முடித்தவர்கள்தான் உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போகலாம் என்பது அங்கே விதி. ஆண்களைப் பரிசோதிக்க மருத்துவர் இருந்தார். பெண்களுக்கு ஒரு பெண் மருத்துவர் வேண்டும் என்றால் அதற்குப் பணம் இல்லை என்றது பல்கலைக்கழகம். டாக்டர் மேரி பென்னட் ரிட்டர் சம்பளம் வாங்காமல் வந்து மாணவியரைப் பரிசோதித்துக் கூடத்தின் கதவைத் திறந்துவைத்தார். பின்னாளில் ஃபீபி ஹர்ஸ்ட் என்ற செல்வந்தப் பெண்மணி அவருக்குச் சம்பளம் தந்தார். 1906இல் அதே பெர்க்லியில் டாக்டர் ஜார்ஜ் ரைன்ஹார்ட், எல்லா மாணவர்களிடமும் கட்டணம் வாங்கிக்கொண்டு யாருக்கு நோய் வந்தாலும் பார்க்கும் முழுமையான மருத்துவச் சேவையைத் தொடங்கினார். அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அது முன்மாதிரியாக அமைந்தது.

இப்படிப்பட்ட ஏற்பாடு ஏன் தேவைப்பட்டது என்பதை அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் இத்தாகா நகரம் காட்டியிருந்தது. கார்னெல் பல்கலைக்கழகம் இருக்கும் ஊர் அது. 1903இல் ஊர்க் குழாய்நீரில் டைபாய்டு பரவி 82 பேர் இறந்தார்கள். அவர்களில் 29 பேர் கார்னெல் மாணவர்கள். மாணவர்கள் பலர் ஊருக்குள் வாடகை அறைகளில் தங்கி, வீட்டுக்காரர் கொடுத்த தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தவர்கள். மாணவரின் உடல்நலம் வளாகச் சுவரோடு நின்றுவிடுவதில்லை என்பது 29 உயிர்களைக் கொடுத்துக் கற்ற பாடம். 1920இல் கல்லூரி மருத்துவச் சேவைகள் நாடளாவிய சங்கமாகச் சேர்ந்தன. 1948இல் அந்தச் சங்கம் இன்றைய பெயரான 'அமெரிக்கக் கல்லூரி உடல்நலச் சங்கம்' என்பதை ஏற்றது.

இந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஆம்ஹர்ஸ்டிலிருந்து நேரே பெர்க்லிக்குத் தாவிவிடுகிறார்கள். நடுவில் அலபாமாவின் டஸ்கீகி இருக்கிறது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தலைமுறைக்காக புக்கர் டி. வாஷிங்டன் நடத்திய கல்வி நிலையம் அது. மாணவர்களுக்கு நோய் வந்தால் போக இடமில்லாத நிலையில், கறுப்பின மருத்துவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. 1891இல் வந்தவர் ஹாலி டனர் டில்லன். பென்சில்வேனியா மகளிர் மருத்துவக் கல்லூரியில் அந்த ஆண்டுதான் பட்டம் பெற்றிருந்தார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் நம் நாட்டின் ஆனந்திபாய் ஜோஷி பட்டம் பெற்றதும் அதே கல்லூரியில்தான். அலபாமாவில் தொழில் செய்ய மாநிலத் தேர்வில் தேற வேண்டும். பத்து நாள் நடந்த தேர்வு. கறுப்பினப் பெண் ஒருத்தி எழுத வருகிறாள் என்பதே அன்று ஊர்ப் பேச்சு. அவர் தேறினார். அந்த மாநிலத்தில் மருத்துவ உரிமம் பெற்ற முதல் பெண் அவர்தான், வெள்ளையரையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆண்டுக்கு 600 டாலர் சம்பளம், தங்க அறை, சாப்பாடு. சுமார் 450 மாணவர்களையும் ஆசிரியர்களையும் பார்க்க வேண்டும், வகுப்பெடுக்க வேண்டும், மருந்தையும் தானே கலக்க வேண்டும். ஹார்வர்டில் சராசரி மாணவரைச் சிலையாக வடித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அந்தச் சராசரியில் இடம்பெறாத மாணவர்களுக்கு ஒற்றை ஆளாக ஒரு பெண் மருந்து அரைத்துக்கொண்டிருந்தார்.

கறுப்பினக் கல்லூரிகளுக்குச் சொந்த மருத்துவமனை ஏன் உயிர்ப் பிரச்சினையாக இருந்தது என்பதற்கு ஜூலியட் டெரிகாட்டின் மரணத்தைவிடக் கொடிய சான்று எனக்குத் தெரியாது. டென்னசியின் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் மாணவியருக்குப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். 1928இல் நம் மைசூரில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவக் கூட்டமைப்பின் மாநாட்டுக்கு வந்து, ஏழு வாரம் இந்தியாவில் தங்கி மக்களின் வாழ்க்கையைப் பார்த்துவிட்டுப் போனவர். 1931 நவம்பரில் மாணவர்கள் மூவரோடு காரில் போகும்போது ஜார்ஜியாவின் டால்டன் அருகே விபத்து நடந்தது. உள்ளூர் மருத்துவமனை கறுப்பினத்தவரைச் சேர்த்துக்கொள்வதில்லை. வெள்ளை மருத்துவர்கள் முதலுதவி செய்தார்கள். அதன்பின் காயப்பட்டவர்கள் ஒரு கறுப்பினப் பெண்ணின் வீட்டில் கிடத்தப்பட்டார்கள். பிறகு டெரிகாட்டை 30 மைலுக்கு மேல் தள்ளியிருந்த சட்டனூகாவுக்குக் கொண்டுபோனார்கள். மறுநாள் அவர் இறந்தார். ஒரு மாணவியும் இறந்தார். மாணவர்களைக் காக்கும் பொறுப்பிலிருந்தவருக்கே சாலையோரத்தில் ஒரு மருத்துவமனைப் படுக்கை கிடைக்கவில்லை. மைசூரில் அவரைப் பார்த்துப் பேசியவர்களுக்கு இந்தச் செய்தி எப்படி வந்து சேர்ந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாணவர் கூட்டமே மாறியது. போரிலிருந்து திரும்பியவர்களுக்குக் கல்விச் செலவைத் தந்த 1944ஆம் ஆண்டுச் சட்டத்தால் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்கு வந்தார்கள். 1947இல் மாணவர்களில் பாதிப் பேர் முன்னாள் போர்வீரர்கள். மனைவி, கைக்குழந்தை, போர்க் காயம், தூக்கத்தைக் கெடுக்கும் நினைவுகள், இத்தனையும் கூடவே வந்தன. 18 வயதுத் தனிப்பையனுக்குச் சளிமருந்து கொடுக்கப் பழகியிருந்த கல்லூரி மருத்துவ மையங்கள் திணறின.

அடுத்த பெரும் உரசல் கருத்தடை மாத்திரையால் வந்தது. 1960இல் அமெரிக்க அரசு அந்த மாத்திரைக்கு அனுமதி கொடுத்தது. 1965இல் பிரௌன் பல்கலைக்கழக மருத்துவச் சேவையின் தலைவர், 21 வயதைக் கடந்த, மணமாகாத இரு மாணவியருக்கு அதை எழுதிக் கொடுத்தார். மாணவியரின் செய்தித்தாளில் வெளியான அந்தச் செய்தி நாடு முழுவதும் பேச்சாயிற்று. 1967இல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் மேடையில் பேசிக்கொண்டிருந்த பில் பேர்டு என்ற செயற்பாட்டாளர் ஒரு மாணவியின் கையில் கருத்தடை நுரைப் புட்டியைக் கொடுத்தார். அங்கேயே கைது செய்யப்பட்டார். அந்த வழக்கில்தான் 1972இல் உச்ச நீதிமன்றம், மணமாகாதவர்களுக்கும் கருத்தடைச் சாதனம் பெற உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது.

அதே 1972இல் கல்வி நிலையங்களில் பால் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. அதைச் செயல்படுத்த 1975இல் எழுதப்பட்ட விதிகளுக்குள் ஒரு சிறு வரி இருக்கிறது: முழுமையான மருத்துவச் சேவை தருவதாகச் சொல்லும் கல்வி நிலையம் மகளிர் நோய் மருத்துவத்தையும் தந்தாக வேண்டும். அந்த வரியை முதலில் படித்தபோது எனக்கு வியப்பும் கோபமும் சேர்ந்து வந்தன. மாணவரில் பெருந்தொகையினர் பெண்கள். அப்படியிருந்தும் 'முழுமை' என்ற சொல்லுக்குள் பெண்ணின் உடலும் அடங்கும் என்று அரசு எழுதிவைக்க வேண்டியிருந்தது. இந்த உரசல் இன்றும் ஓயவில்லை. கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரியிலிருந்து அரசுப் பல்கலைக்கழக மாணவர் மையங்கள் கருக்கலைப்பு மாத்திரையைத் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. வேறு மாநிலங்களில் நிலை நேரெதிர்.

இப்போது கவெல் மருத்துவமனைக்குத் திரும்புவோம். ராபர்ட்ஸ் வந்த மறு ஆண்டு ஜான் ஹெஸ்லர் வந்தார். அறுபதுகளின் இறுதியில் சக்கர நாற்காலி மாணவர்கள் பன்னிரண்டு பேர் அளவில் அங்கே குடியிருந்தார்கள். இரவு பேச்சும் அரசியலும் நடக்கும். தங்களை 'உருளும் நால்வர்' என்று சிலேடையாகப் பெயரிட்டு அழைத்துக்கொண்டார்கள். அதில் 'நால்வர்' என்பதற்கு அவர்கள் வைத்த 'குவாட்' என்ற ஆங்கிலச் சொல், அமெரிக்க வழக்கில் கைகால் நான்கும் செயலிழந்தவரையும் குறிக்கும். அரசின் மறுவாழ்வுத் துறை, மதிப்பெண் போதவில்லை, நடத்தை சரியில்லை என்று இருவரை வெளியேற்ற முயன்றபோது எல்லோரும் சேர்ந்து எதிர்த்து வென்றார்கள். அங்கிருந்து அவர்கள் கேட்ட கேள்வி பெரியது: நாங்கள் நோயாளிகள் இல்லை என்றால் ஏன் மருத்துவமனையில் வசிக்க வேண்டும்? சக்கர நாற்காலி பழுதானால் உடனே சரிசெய்ய ஒருவர், காலையில் எழுப்பி உடுத்திவிட நம்பகமான உதவியாளர், படியில்லாத வீடு. இவை கிடைத்தால் ஊருக்குள் வாழலாம். 1970இல் அரசு நிதியோடு வளாகத்திலேயே அதற்கான திட்டத்தை அவர்களே நடத்தத் தொடங்கினார்கள். 1972இல் ஊர்மக்கள் எல்லோருக்குமாகச் சுதந்திர வாழ்வு மையம் பிறந்தது. உலகெங்கும் மாற்றுத்திறனாளிகள் நடத்தும் இத்தகைய மையங்களுக்கு அதுவே மூலம். 'வேலைக்கு ஏற்றவர் அல்லர்' என்று ராபர்ட்ஸுக்கு உதவ மறுத்திருந்த அதே மறுவாழ்வுத் துறைக்கு, எழுபதுகளின் நடுவில் அவரே தலைவரானார்.

அதே கவெலின் மனநலப் பிரிவுக்கு 1969 கோடையில் ஓர் இந்திய மாணவர் வந்தார். வங்காளத்தில் ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்து, கப்பல் கட்டுமானம் படிக்கப் பெர்க்லி சேர்ந்தவர். தனக்குப் பழக்கமான ஒரு பெண்ணைக் கொல்லப்போவதாக உளவியலாளரிடம் சொன்னார். உளவியலாளர் வளாகக் காவலர்களுக்கு எழுதினார். அவர்கள் விசாரித்து, தெளிவாகத்தானே பேசுகிறார் என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ குடும்பத்துக்கோ யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அக்டோபரில் அவள் கொல்லப்பட்டாள். பெற்றோர் தொடர்ந்த வழக்கில் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் 1976இல் தந்த தீர்ப்பு, ஆபத்தில் இருப்பவரைக் காக்கும் கடமை மனநல மருத்துவருக்கு உண்டு என்றது. டாரசாஃப் வழக்கு என்ற பெயரில் அது உலகம் முழுவதும் உளவியல் வகுப்புகளில் பாடம். அந்தப் பெண்ணின் உயிர்தான் இதில் முதல் இழப்பு. அதை எதைக்கொண்டும் மூடக் கூடாது. அதோடு சேர்த்து, வெளிநாட்டு மாணவர் ஒருவர் நொறுங்கிக்கொண்டிருந்தபோது அவரைப் புரிந்துகொள்ள அந்த மையத்திடம் என்ன இருந்தது என்றும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து.

இதற்கு ஒரு துப்பு 1975இல் வெளியான ஆய்வொன்றில் இருக்கிறது. பெர்க்லியில் 1966இல் சேர்ந்த மாணவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். சீன, ஜப்பானிய வம்சாவளி மாணவர்கள் மனநல மருத்துவப் பிரிவுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகப் போயிருந்தார்கள். ஆனால் படிப்பு, வேலை பற்றி வழிகாட்டும் ஆலோசனை மையத்துக்கு மற்றவர்களைவிட அதிகமாகப் போயிருந்தார்கள். ஆசிய வீட்டுப் பிள்ளைகளுக்கு மனக்கவலை குறைவு என்று அதுவரை சொல்லிவந்தவர்களுக்கு இது பதில். அவர்கள் தட்டிய கதவு வேறாக இருந்தது. நம் வீடுகளில் 'மனசு சரியில்லை' என்று சொல்ல முடியாமல் 'தலைவலிக்கிறது', 'பாடம் ஏறவில்லை' என்று சொல்லும் பிள்ளைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த இந்தியர்கள் 3,31,602 பேர். சீனர்களைத் தாண்டி முதலிடம். சென்ற ஆண்டு என் அக்காள் மகளும் அந்தப் பயணத்துக்குத் தயாரானாள். பல்கலைக்கழகம் அனுப்பிய உடல்நலப் படிவத்தை இருவரும் உட்கார்ந்து நிரப்பினோம். பிறந்த நாடு இந்தியா என்று குறித்தவுடன், காசநோய்க்கான இரத்தப் பரிசோதனை கட்டாயம் என்று வந்தது. "என்ன சித்தி, நான் நோயாளி என்று நினைக்கிறார்களா?" என்று முகம் சுருங்கினாள். அவளுடைய இடது தோளில் இருக்கும், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யின் தழும்பைத் தொட்டுக் காட்டினேன். தொண்ணூறுகளில் போன என் தோழிக்கு அங்கே தோலில் ஊசி போட்டுப் பார்த்தார்கள். குழந்தையில் போட்ட பி.சி.ஜி.யாலேயே அந்த இடம் வீங்கக்கூடும். வீங்கியது. எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை. ஆனாலும் ஒன்பது மாதம் மாத்திரை விழுங்கச் சொன்னார்கள். எதற்கு என்று விளக்க ஆளில்லாமல் மாதக்கணக்கில் அழுதுகொண்டே விழுங்கினாள். இப்போது கேட்கும் இரத்தப் பரிசோதனை பி.சி.ஜி.யைக் காசநோய்க் கிருமி என்று தவறாக எண்ணாது. அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்கு நம் தோள் தழும்பு தெரிந்திருக்கிறது என்றேன். அவளுக்குச் சற்று ஆறுதல்.

கடைசிப் பக்கத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன. மனநல ஆலோசகரைச் சந்திக்க விருப்பமா என்று ஒன்று. படிப்பு தொடர்பான ஆலோசனை வேண்டுமா என்று மற்றொன்று. முதல் கட்டத்தின் மேல் சுட்டியை வைத்தபடி வெகுநேரம் இருந்தாள். "இதைக் குறித்தால் விசாவுக்கு ஏதும் ஆகுமா?" என்றாள். ஆகாது, அது உனக்கும் அவர்களுக்கும் நடுவில் இருப்பது என்றேன். தலையசைத்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தைக் குறித்துவிட்டு, படிவத்தை அனுப்பினாள்.